ராஜப்பாவுக்குத் தொட்டி கழுவித் தர நான் பட்ட பாடு

தொழில் தொடங்குவது எப்படி என்று முப்பது ஆண்டுகள் பாடம் நடத்த ஒருவருக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி, அவர் எந்தத் தொழிலையும் தொடங்கியிருக்கக் கூடாது என்பதுதான். தொடங்கியவருக்கு வகுப்புக்கு வர நேரமிருக்காது. நேரம் கிடைத்தாலும் அதைப் பற்றிப் பேச மனம் இருக்காது. எனக்கு நேரமும் மனமும் ஏராளமாக இருந்தன. வணிகவியல் துறையில் 'தொழில் முனைவு' என்ற தாளை ஓய்வு பெறும்வரை நான்தான் நடத்தினேன். துணிந்து இறங்கு, நஷ்டத்துக்கு அஞ்சாதே என்று இளைஞர்களுக்குச் சொல்லிவிட்டு, வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நாளிலும் குடையோடு வீடு திரும்புவேன். வாழ்க்கையில் நான் விற்ற ஒரே பொருள் பழைய செய்தித்தாள். அதற்கும் வசந்தாதான் பேரம் பேசினாள். (வசந்தா என் மனைவி. இந்தக் கதையில் விவரமாக நடந்துகொண்ட ஒரே ஆள்.)

என் உண்மையான திறமை வேறு. விதிகள். எந்தக் கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னால் அறிவிப்பு போக வேண்டும், தீர்மானத்தை முன்மொழிந்தவர் தூங்கிவிட்டால் வழிமொழிந்தவர் என்ன செய்யலாம், தலைவர் எழுந்து வெளியே போனால் அது இடைவேளையா ஒத்திவைப்பா, எல்லாம் எனக்கு அத்துபடி. பல்கலைக்கழகம் தன் கூட்ட நடைமுறை விதிகளைத் திருத்தியபோது அந்தச் சிறு குழுவில் நானும் இருந்தேன். (இது தன்னடக்கம். மற்றவர்கள் டீ குடித்தார்கள், நான் எழுதினேன்.)

ஓய்வுக்குப் பிறகு மைசூர் விஜயநகரில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கம் ஆசையாக என்னைச் செயலாளராக்கியது. நான் நடத்திய முதல் ஆண்டுக் கூட்டம் முடிந்ததும், இனி ஆண்டுக் கூட்டமே வேண்டாம் என்று ஏகமனதாக முடிவு செய்தது. ஆனால் கல்லூரிகள் என்னை விடவில்லை. பாடத்திட்டக் குழு ஒவ்வொன்றிலும் ஓய்வு பெற்ற வல்லுநர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. (யார் எழுதிய விதி என்று கேட்காதீர்கள்.) அப்படித்தான் நஞ்சன்கூடு சாலையிலிருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் குழுவுக்கு நான் போய்ச் சேர்ந்தேன்.

செயற்கை நுண்ணறிவு வந்து எல்லா ஆசிரியர்களையும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்த்துவிட்டிருந்த காலம் அது. அந்தக் குழுவின் தலைவர் சிவானந்தா ஏஐ ஆதரவாளர். மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில் அந்தச் சொல் மூன்று இடத்தில் வந்திருந்தது, அது போதும் அவருக்கு. கணக்கியல் பேராசிரியை சுமா மேடையில் ஏஐயைத் தீவிரமாக எதிர்ப்பார், வீட்டில் வினாத்தாள் தயாரிக்க அதைத்தான் கேட்பார். ஒருவர் எந்தப் பக்கமும் பேசமாட்டார், எதைப் பற்றியும். (மூவரும் முன்பு என் துறையில் என்னோடு வேலை செய்தவர்கள்.) நான் எதிர்க்கட்சி. இயந்திரம் வந்து வகுப்பில் உட்கார்ந்தால் ஆசிரியர் எங்கே உட்காருவது என்று கேட்பேன். அதை ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா என்று யாராவது திருப்பிக் கேட்டால், விஷத்தைக் குடித்துப் பார்த்தா விஷம் என்று சொல்கிறோம் என்பேன். கைதட்டல் கிடைக்கும்.

இந்த நிலையில்தான் கவிதா என் வீட்டுக்கு வந்தாள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நன்றாகப் படித்தவள், முனைவர் பட்டம் உண்டு. அந்தக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். (கௌரவம் பெயரில் இருக்கும். வேலை ஆண்டுக்கு ஒருமுறை முடிந்துபோகும்.)

"சார், நம்ம பசங்க பேப்பர்ல பிளான் எல்லாம் நல்லாத்தானுங்க எழுதறாங்க. ஒரு ஆளைப் பாத்து வித்துட்டு வாடான்னா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது" என்றாள். "அதுக்குத்தான் ஒரு புதுப் பேப்பர் போடறனுங்க. ஏஐ ஒரு வாடிக்கையாளர் மாதிரி பேசும். பசங்க அதுகிட்ட வித்து வித்துப் பழகணும்."

"ம்."

"லேசுல மசியாத ஆளா இருக்கணுமுங்க. அப்படி ஒரு ஆளு என்னென்ன கேப்பாரு, எப்படி மறுப்பாருன்னு நீங்க சொன்னா எழுதிக்குவேன்."

சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சரியான இடத்துக்குத்தான் வந்திருந்தாள்.

அன்று மாலை முழுக்க நான் சொல்லச் சொல்ல அவள் மடிக்கணினியில் தட்டிக்கொண்டே இருந்தாள். விற்க வருபவனை முதல் கேள்வியிலேயே எப்படி நிறுத்துவது, இலவசம் என்றால் ஏன் சந்தேகப்பட வேண்டும், எதையும் எழுத்தில் கேட்டால் எதிராளி எப்படி ஓடிப்போவான் என்று என் வாழ்நாள் ஞானத்தையெல்லாம் கொட்டினேன். காபி கொண்டுவந்த வசந்தா கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"ஏங்க, இவ்வளவு கேக்கிற ஆளுக்கு எவன் எதை விப்பான்? கேட்டைச் சாத்திட்டு ஓடிட மாட்டானா?"

"பயிற்சின்னா கடினமா இருக்கணும்."

"ஹௌதா?" என்றாள் வசந்தா. (அப்படியா என்று கன்னடத்தில் கேட்டால், அவள் நம்பவில்லை என்று அர்த்தம். நம்பினால் தமிழில் கேட்பாள்.)

கிளம்பும்போது கேட்டருகே நின்று கவிதா சொன்னாள்: "சார், இந்தப் பேப்பர் இந்தக் கூட்டத்துல பாஸாச்சுன்னா ஜூன்ல எனக்கு வகுப்பு கிடைக்குமுங்க. இல்லீன்னா கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. பொண்ணை இப்பத்தான் இங்க ஸ்கூல்ல சேத்திருக்கறன்."

"கவலைப்படாதம்மா. எல்லாம் விதிப்படி நடக்கும்."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அது ஆறுதல் என்று நினைத்துக்கொண்டாள், பாவம். உண்மை என்னவென்றால், கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் என் கைக்கு உரிய நாளுக்கு ஒரு நாள் தாமதமாக வந்திருந்தது. அதை வைத்து அவளுடைய தாளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்வது என்று நான் ஏற்கெனவே தீர்மானித்திருந்தேன். அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்து. அதற்குள் அவள் வேலை போயிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இப்போதுதானே கேட்டருகே சொன்னாள். ஆனால் மாலை முழுக்க அவளுக்கு உதவியதற்கும் இந்த ஆட்சேபனைக்கும் ஒரு முரண்பாடும் எனக்குத் தெரியவில்லை. உதவி தனிப்பட்ட விஷயம், ஆட்சேபனை பொது விஷயம். இப்படித்தான் என் மூளை அப்போது வேலை செய்துகொண்டிருந்தது. இதை இப்போது எழுதும்போது காதுமடல் சுடுகிறது.

கூட்ட நாளன்று குழுவில் ஐந்து பேர் வந்திருந்தோம். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இருக்க வேண்டிய ஆள் எண்ணிக்கை, சரியாக ஐந்து. தலைவர் சிவானந்தா, சுமா, பேசாத பேராசிரியர், நான், பிறகு தொழில்துறைப் பிரதிநிதியாக ஒரு ஊதுபத்தித் தொழிற்சாலை முதலாளி. அந்த அறையில் உண்மையிலேயே தொழில் நடத்தியவர் அவர் ஒருவர்தான் என்பதால் கூட்டம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு எங்கள் வழக்கப்படி கன்னடமும் ஆங்கிலமுமாக நடந்தது. இங்கே தமிழில் தருகிறேன். மொழிபெயர்ப்பில் என் மானம் கொஞ்சம் மிஞ்சினால் லாபம்.

ஆட்சேபனையை எழுப்ப நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் கவிதா, "யாராவது ஒருத்தர் மாணவர் இடத்துல உக்காந்து பேசிப் பாக்கறீங்களா?" என்று கேட்டாள். எனக்கு ஆசை வந்துவிட்டது. நடைமுறைக் குறையைச் சொல்லித் தள்ளிவைத்தால் அது வெறும் ஒத்திவைப்பு. எல்லோர் முன்னாலும் இயந்திரத்தின் வாயை அடைத்துவிட்டு அப்புறம் தள்ளிவைத்தால் அது வரலாறு.

"நான் பேசுகிறேன்" என்றேன்.

திரையில் ஒரு பெயர் வந்தது: ராஜப்பா, ஓய்வு பெற்ற அதிகாரி, மைசூர். நான் விற்க வேண்டியது வீடுகளில் தண்ணீர்த் தொட்டி கழுவித் தரும் சேவை. ஒலிபெருக்கி கரகரத்தது.

"வணக்கம் ராஜப்பா அவர்களே. நாங்கள் வீடுகளில் தண்ணீர்த் தொட்டி..."

"இருங்க. என் தொட்டி அழுக்கா இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும்."

"பொதுவாகன்னா? எந்த விதிப்படி?"

(நல்ல கேள்வி என்று மனதுக்குள் பாராட்டினேன். சத்தியமாக.)

"சுகாதாரத்துக்காகச் சொல்கிறேன்."

"சுகாதாரம் நோக்கம். நான் கேட்டது விதி."

சுமா புடவைத் தலைப்பை வாய்க்கு அருகே கொண்டுபோனார். தும்மல் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"சரி, கழுவறீங்க. சுத்தமாயிடுச்சுன்னு யார் சான்று கொடுப்பாங்க?" என்றார் ராஜப்பா.

"எங்கள் மேற்பார்வையாளர்."

"கழுவறதும் நீங்க, சான்றும் நீங்களா? பரீட்சை எழுதறவனே பேப்பர் திருத்தற மாதிரியில்ல இருக்கு?"

"முதல் தடவை இலவசமாகவே செய்து தருகிறோம்."

"இலவசமா கொடுக்க வர்றவன் பின்னாடி எதையோ எடுக்க வர்றான். வேண்டாம்."

"அப்படியானால் உங்களுக்கு என்னதான் வேண்டும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்கதானே வந்தீங்க?"

முப்பது ஆண்டுப் பாடத்தையும் எடுத்து வீசினேன். வாடிக்கையாளரின் தேவையை அறிதல், நம்பிக்கையை வளர்த்தல், சலுகை அளித்தல். எதை வீசினாலும் அந்த மனிதர் கையாலேயே பிடித்து என் மேல் திருப்பி எறிந்தார். எனக்கு வியர்த்தது. பேசாத பேராசிரியர்கூட நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்!" என்று கத்தினேன்.

"விட்டுட்டேன்னு எழுத்துமூலமா கொடுங்க" என்றார் ராஜப்பா.

எழுந்து நின்றுவிட்டேன். "கவிதா, இந்த வடிவமைப்பே தப்பு. வாடிக்கையாளர் என்றால் மனிதனாக இருக்க வேண்டும். இப்படி ஒரு பிடிவாதக்காரக் கிழவன் உலகத்தில் எங்கேயாவது இருப்பானா? இருந்தால் அவனோடு ஒரே வீட்டில் யாராவது குடித்தனம் நடத்த முடியுமா?"

அந்த நேரம் பார்த்து ஊதுபத்தி முதலாளி கண்ணைத் திறந்தார். கண்ணை மூடியபடியே இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெகு மரியாதையாக, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்:

"ரெண்டு பேரா பேசினதும் சாரேதானா?"

சுமாவின் தும்மல் வெடித்தது. அது தும்மல் அல்ல. பேசாத பேராசிரியர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். சிவானந்தா என் தோளைத் தொட்டு, "கன்னடி முந்தே நிந்தங்கிதெ சார்" என்றார். (கண்ணாடி முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறதாம்.) அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மாலை முழுக்கச் சொன்ன கேள்விகள், நான் சொன்ன மறுப்புகள், நான் சொன்ன உவமைகள்கூட. கவிதா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"நான் வெளிநடப்புச் செய்கிறேன். பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கிடைத்த ஆட்டோவில் ஏறினேன்.

வளையச் சாலையில் பாதி தூரம் வரை என்னை நானே நியாயப்படுத்திக்கொண்டு போனேன். பிறகு துணை தேவைப்பட்டதால் வசந்தாவுக்குப் போன் செய்தேன்.

"காபி போட்டு வை. வந்துட்டிருக்கேன்."

"அதுக்குள்ளயா? கூட்டம் முடிஞ்சுதா?"

"நான் வெளிநடப்பு செஞ்சுட்டேன். என்னை அவமானப்படுத்திட்டாங்க."

"ஹௌதா? எத்தனை பேர் வந்திருந்தாங்க?"

"அஞ்சு பேர். அது இப்ப எதுக்கு?"

"கோரம் எவ்வளவு?"

"அஞ்சு. அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாண நாளை மறந்தாலும் மறப்பீங்க, இந்தக் கோரக் கதையைச் சொல்லாம ஒரு வாரம் போனதில்ல. அதான் எனக்கே மனப்பாடம்" என்றாள். "நீங்க எழுந்து வந்துட்டா மிச்சம் நாலு பேர். நாலு பேரை வெச்சுக் கூட்டம் நடக்குமா? அரை மணி நேரம் பாத்துட்டு எல்லாத்தையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிடுவாங்கன்னு நீங்கதானே பெருமையா எழுதி வெச்சீங்க? அந்தப் பொண்ணு கதி என்ன?"

என் ஆட்சேபனை சட்டைப்பையில் மடித்து வைத்தபடி இருந்தது. அதை எழுப்பியிருந்தால் என்ன நடந்திருக்குமோ அதேதான் இப்போதும் நடக்கப்போகிறது. ஒரே வித்தியாசம், அதை நிதானமாக, நல்ல ஆங்கிலத்தில், எல்லோரும் தலையாட்டச் செய்திருப்பேன். இதைக் கோபத்தில் செய்துவிட்டேன். கோபத்தில் செய்தது கேவலம் என்று தோன்றியது. பிறகு, நிதானமாகச் செய்யவிருந்தது அதைவிடக் கேவலம் என்று தோன்றியது. ஒரு குழந்தையின் பள்ளிக்கூடம் என் அடிபட்ட மானத்தை நம்பி நின்றுகொண்டிருந்தது. ஆட்டோவின் குலுக்கலில் இதெல்லாம் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"வாபஸ் ஹோகி" என்றேன் ஓட்டுநரிடம். திரும்பிப் போகச் சொன்னேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எதையாவது மறந்துட்டீங்களா சார்?"

"ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்வது?

திரும்பும் வழியில் ஒவ்வொரு சிக்னலும் என்னைத் தனியாகத் தெரிந்து வைத்திருந்தது போல் சிவப்பாக நின்றது. அரை மணி நேரம் என்பதை ஒரு மணி நேரம் என்று எழுதியிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். விதி எழுதிய நாளில் குழுவில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். ஒழுக்கம் கெடும் என்று நான்தான் மறுத்தேன். கல்லூரி வாசலில் இறங்கி இரண்டு மாடி ஏறினேன். என் வயதில் மாடிப்படிக்கும் ஓர் அறிவிப்புக் கால அவகாசம் தேவை. அது கொடுக்கப்படவில்லை.

அவர்கள் கலைந்து போயிருக்கவில்லை. நான் எழுதிய விதி எதுவும் அவர்களைக் கட்டிப்போடவில்லை. டிபன் வந்திருந்தது, அது கட்டிப்போட்டிருந்தது. நால்வரும் வடை தின்றுகொண்டிருந்தார்கள். கவிதா மட்டும் ஜன்னலோரம் நின்றாள். மடிக்கணினி பைக்குள் போய்விட்டிருந்தது, பை தோளில் இருந்தது. மேசையில் அவளுடைய தட்டு அப்படியே இருந்தது.

"பன்னி சார், பன்னி" (வாங்க என்று கன்னடம்) என்று வரவேற்ற சிவானந்தா கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் மிஞ்சியிருந்தது, மயிரிழை அளவு.

"தீர்மானத்தை எடுத்துக்கொள்ளலாம்" என்றேன் மூச்சிரைக்க. "நானே முன்மொழிகிறேன்."

"முடியாதே சார்" என்றார் சுமா. அவர் என்னோடு பல குழுக்களில் இருந்து அடிபட்டவர். "இடையில நின்ன பொருள், நின்ன இடத்திலேர்ந்துதான் தொடரணும்னு நீங்கதானே எழுதினீங்க? செயல்விளக்கம் பாதியில நிக்குது. ராஜப்பா காத்துக்கிட்டிருக்காரு."

எத்தனை ஆண்டுகளாக அந்த வாக்கியத்தை மனதில் வைத்திருந்தாரோ. சொல்லும்போது முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது. நான் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன். கவிதா பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு மறுபடி ஜன்னலோரம் போய் நின்றாள்.

"எழுத்துமூலமா கேட்டேனே, நீங்க இன்னும் கொடுக்கல" என்று ஆரம்பித்தார் ராஜப்பா. எதையும் மறக்கவில்லை அந்த மனிதர்.

இவரிடம் எதைச் சொன்னாலும் எடுபடாது. சரி, என்னிடம் எடுபட்டது எது என்று யோசித்தேன். என்னிடம் யாராவது எதையாவது விற்றிருக்கிறார்களா? விற்றிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் சுத்திகரிப்பான் இரண்டு ஓடுகின்றன. இரண்டாவதை விற்க வந்தவன் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் என்ன பேசினான் என்பது நினைவுக்கு வந்ததும் அதை நானே சொல்லக் கூசியது. வேறு வழி இல்லை. ஜன்னலோரம் அந்தப் பெண் பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"ராஜப்பா சார், நான் உண்மையில் விற்க வரவில்லை" என்றேன். "ஆலோசனை கேட்க வந்தேன். நீங்கள் சொன்ன எல்லாம் சரி. எங்கள் நடைமுறையில் ஓட்டை இருக்கிறது. அதைச் சரிசெய்து தரும் அளவுக்கு விதி தெரிந்தவர்கள் உங்களைப் போல் இப்போது யார் இருக்கிறார்கள்? உங்கள் வீட்டுத் தொட்டியிலேயே தொடங்கி, நீங்களே பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தால் எங்களுக்குப் பெரிய பாக்கியம்."

ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது.

"உக்காருங்க" என்றார் ராஜப்பா. குரலே மாறிவிட்டது. "காபி சாப்பிடறீங்களா?"

ஊதுபத்தி முதலாளி கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார்.

"என்னைக்கு ஆள் அனுப்பறீங்க?"

"அந்த விதி, சான்று விஷயம்..."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். மேல் தொட்டி, கீழ் தொட்டி ரெண்டும் செஞ்சுடுங்க. பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயும் சொல்றேன். அவருக்கு ஒரு விதியும் தெரியாது, பாவம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முதல் முறை சிரித்தபோது நான் பொறுத்துக்கொண்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது. எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். ஏன் பார்த்தார்கள் என்பது மெதுவாக உறைத்தது. 'விதி தெரிந்தவர்கள் உங்களைப் போல் யார்' என்ற அந்த வாக்கியம் அவர்களுக்குப் புதிதல்ல, என்னிடம் அவர்களே வெகுநாளாகச் சொல்லி வந்ததுதான். நான் துறைத் தலைவராக இருந்த காலத்தில் சிவானந்தாவின் பதவி உயர்வுக் கோப்பு நெடுநாள் என் மேசையில் கிடந்து, ஒரு காலைப் பொழுதில் சட்டென்று நகர்ந்தது நினைவுக்கு வந்தது. அன்று காலை அவர் என்ன சொன்னார்? சுமா விடுப்பு நீட்டிப்புக்கு வந்தபோது என்ன சொன்னார்? நான் அதையெல்லாம் தகுதியின் அடிப்படையில் செய்ததாகவே நம்பியிருந்தேன். ஊதுபத்தி முதலாளியைத் தவிர அறையில் இருந்த அத்தனை பேரும் என்றோ எனக்குத் தொட்டி கழுவி விற்றவர்கள்தான்.

தாள் ஏகமனதாக நிறைவேறியது. நான் முன்மொழிந்தேன். ஊதுபத்தி முதலாளி விழித்திருந்து வழிமொழிந்தார்.

மாடிப்படியில் கவிதா ஓடிவந்தாள். "சார், மன்னிச்சுக்குங்க. உங்களைக் கேலி பண்ணணும்னு பண்ணலீங்க. நீங்க சொன்னதை அப்படியே போட்டேன். அது இவ்வளவு நீங்களாட்டம் ஆகும்னு எனக்குத் தெரியல."

"பரவாயில்லம்மா. நான் சொன்ன கேள்விகள்தானே." பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்தப் பாராட்டுக்கு மயங்குற விஷயம், அதையும் நீதான் எழுதினியா?"

அவள் தயங்கினாள். நல்ல பெண், பொய் சொல்லத் தெரியாது.

"அதை நான் எழுதலீங்க சார். நீங்க சொன்னதை எல்லாம் படிச்சு அதுவா புரிஞ்சுக்கிச்சு."

நான் படியிறங்கினேன். ஏஐயைப் பற்றி என் கருத்து அன்றைக்கும் மாறவில்லை, இன்றைக்கும் மாறவில்லை. இப்போதும் எதிர்க்கிறேன். ஆனால் முன்பு சொன்ன காரணங்களைச் சொல்வதில்லை. உண்மையான காரணத்தைக் கூட்டத்தில் சொல்ல முடியாது: முப்பது ஆண்டு என்னோடு வேலை செய்தவர்கள் தெரிந்துகொண்டும் மரியாதைக்காக என்னிடம் சொல்லாத ஒன்றை, அது ஒரு மாலை நேரப் பேச்சில் கண்டுபிடித்து ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டது.

வீட்டில் வசந்தாவிடம் எதையும் மறைக்க முடியவில்லை. சுமா அவளுக்குப் போன் செய்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு இன்னொரு பெயர். "ராஜப்பா சாப்பிட்டாரா?" என்றுதான் பெங்களூரிலிருந்து மகள் கேட்பாள். மருமகன் என்னிடம் நேரடியாக உதவி கேட்பதை நிறுத்திவிட்டு ஆலோசனை கேட்கத் தொடங்கினான். வருமான வரி, பாஸ்போர்ட், அவன் அலுவலக நண்பனின் மனைப் பட்டா, எல்லாவற்றுக்கும் மைசூரிலிருந்து நான் ஓடுகிறேன்.

ஜூன் மாதம் வகுப்பு தொடங்கிய பிறகு கவிதா போன் செய்தாள். கான்ட்ராக்ட் புதுப்பித்துவிட்டார்கள். மகள் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். "ஒரே ஒரு பிரச்சினைதானுங்க சார். பசங்க முதல் வாரத்துலயே அந்த வழியைக் கண்டுபிடிச்சுட்டாங்க. யாருமே தொட்டியைப் பத்திப் பேசறதில்ல, ராஜப்பாவைப் புகழ்ந்தே வித்துடறாங்க. அதனால அதைத் திருத்திட்டேன். இப்ப என்ன புகழ்ந்தாலும் அவரு மசியறதில்லீங்க."

போனை வைத்துவிட்டு இதை வசந்தாவிடம் சொன்னேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன், ஏதோ கூடப் பிறந்தவன் முன்னேறி நான் மட்டும் நின்றுவிட்டது போல.

"ஹௌதா? அவரையும் திருத்திட்டாங்களா?" என்று சிரித்தாள் வசந்தா. பிறகு சமையலறை வாசலில் நின்றபடி, "ஏங்க, கேஸ் கனெக்‌ஷன்ல பேர் மாத்தணும். அந்த ஆபீஸ்ல மூணு தடவை அலைய விட்டுட்டாங்க. இந்த விதியெல்லாம் உங்களை மாதிரி தெரிஞ்சவங்க வேற..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.